நெருப்புத் தீண்டாத நீலம்

கொல்லிமலை என்றவுடன் தமிழ் மக்களின் மனக்கண் முன் வருவது வல்வில் ஓரியின் வில்லாண்மை. அதற்கடுத்தாற்போல் அறப்பளீசுவரர் ஆலயம், ஆகாய கங்கை அருவி, மலைத்தேன், பலாப்பழம், மிளகு. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறவர்கள் இவற்றையெல்லாம் கண்டு களித்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஆனால் மலைமேல் தங்கள் காலடியில் மிதிபட்ட செம்மண்ணை அவர்களில் எத்தனை பேர் குனிந்து பார்த்திருப்பார்கள்? அந்த மண்ணைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லிவிட்டு, அங்கிருந்து நம் குடும்பங்களில் பலரும் ஆசையோடும் அச்சத்தோடும் பேசுகிற நீலக்கல்லுக்கு நேயர்களை அழைத்துச் செல்ல எண்ணுகிறோம். மண்ணுக்கும் மணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் மிக நெருங்கியது.

கொல்லிமலையின் உச்சிப் பரப்புகளில் பாக்சைட் என்னும் தாது இருக்கிறது. மலைப்பாறையை எண்ணற்ற யுகங்களாக மழை கரைத்துக் கரைத்து, கரையாமல் எஞ்சி நின்ற பொருள் அது. சேர்வராயன் மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் இந்தத் தாதுவை வெட்டி எடுத்து மேட்டூரில் அலுமினியம் செய்தார்கள். அந்த வேலை பிற்காலத்தில் நின்றுவிட்டது. சமையலறையில் இருக்கும் அலுமினியப் பாத்திரத்தின் தாய் இந்தச் செம்மண்தான்.

அலுமினியமும் பிராணவாயுவும் சேர்ந்தால் உண்டாகும் பொருள், நீர்ப்பசை ஏதுமின்றிப் படிகமாக உறைந்து நின்றால், அதற்குக் குருந்தம் என்று பெயர். வைரத்துக்கு அடுத்தபடி கடினமான கனிப்பொருள் என்று புகழ்பெற்றது அதுவே. கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் வரிசையில் வைரத்துக்குப் பத்து, குருந்தத்துக்கு ஒன்பது. சுத்தமான குருந்தம் நிறமற்றது. அதில் குரோமியம் என்னும் உலோகம் ஒரு துளி கலந்தால் சிவந்து மாணிக்கம் ஆகிறது. இரும்பும் டைட்டேனியமும் கலந்தால் நீலம் ஆகிறது. கலக்கும் அளவு நூற்றுக்கு ஒரு பங்குகூட வேண்டாம். அதிலும் மிகச் சிறு பின்னம் போதும். சாணைக்கல்லுக்கும், அரசிகளின் முடிமணிக்கும், மலைமேல் கிடக்கும் மண்ணுக்கும் மூலப்பொருள் ஒன்றே. வேற்றுமை கடுகளவு கலப்பிலும், பூமிக்குள் அது வெந்த விதத்திலும் இருக்கிறது.

கொல்லிமலையில் நீலமணி விளைகிறது என்று சொல்ல நாம் வரவில்லை. அப்படி யாராவது சொல்லி விற்றால் நேயர்கள் நம்பவும் வேண்டாம். அந்த மலைக்கு மேற்கே, நாமக்கல்லைத் தாண்டிப் பரமத்தி வேலூர்ப் பக்கம் போனால் சித்தம்பூண்டி என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள பாறை சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. அந்தப் பாறையில் சிவப்பும் ஊதாவும் கலந்த குருந்தப் படிகங்கள் பதிந்து கிடக்கின்றன. சந்திரனில் உள்ள பாறையோடு இந்தப் பாறை ஒத்திருப்பதால், நம் விண்வெளி ஆராய்ச்சி நிலையத்தார் சந்திரயான் கலத்தைப் பூமியிலேயே சோதித்துப் பார்க்கச் செயற்கைச் சந்திர மண் செய்தபோது இவ்வட்டாரத்துக் கல்லையே பொடித்து உபயோகித்தார்கள். காங்கேயத்துக்கு அருகே சிவன்மலைப் பாறைகளிலும் குருந்தம் உண்டு.

பெயர் நம்முடையது

ஆங்கிலத்தில் இக்கனிப்பொருளைக் ‘கொரண்டம்’ என்று வழங்குகிறார்கள். உலகத்துப் பள்ளிக்கூடங்களிலெல்லாம் பிள்ளைகள் இன்று உச்சரிக்கும் அந்தச் சொல், நமது ‘குருந்தம்’ கடல் கடந்து போய் வேஷம் மாறி நிற்பதே. 1798-ஆம் ஆண்டில் சார்ல்ஸ் கிரெவில் என்பவர் ஆசியாவிலிருந்து வந்த இக்கல்லைப் பற்றி லண்டன் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் எழுதினார். 1802-இல் பூர்நோன் பிரபு கர்நாடகப் பகுதியிலிருந்து சென்ற குருந்தத்தையும் அது பதிந்திருந்த பாறையையும் ஆராய்ந்து எழுதினார். மேல்நாட்டு ரசாயன சாஸ்திரிகள் இதைக் கண்டு வியப்பதற்கு வெகு காலம் முன்பே, நம்மூர்க் கம்மியர்கள் குருந்தப் பொடியை அரக்கோடு சேர்த்துச் சாணைச் சக்கரம் செய்து, வாளையும் மணியையும் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

இது வெறும் பழம்பெருமைப் பேச்சன்று. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் பல தடவை அகழ்வாராய்ச்சி நடந்திருக்கிறது. அங்கே மணிகளை அறுத்து, துளையிட்டு, மெருகேற்றிய தொழிற்கூடங்கள் வெளிப்பட்டன. பச்சைக்கல், படிகம், சூதுபவளம் இவற்றோடு நீலக்கல்லும் கிடைத்தது. முடிந்த மணிகள் மட்டுமின்றி, பாதி வேலையில் நின்றவையும் கழித்துப் போட்ட சில்லுகளும் இருந்தன. வாங்கி அணிந்த ஊர் அது என்று மட்டும் சொல்ல முடியாது. செய்து விற்ற ஊர்.

மணியைச் சோதிக்கும் கலையும் நம்மிடம் இருந்தது. சிலப்பதிகாரத்தில் மதுரையின் கடைவீதிகளைக் கோவலன் சுற்றிப் பார்க்கும் காட்சியில், நவமணிகளின் குற்றமும் குணமும் அறிந்த வணிகர் வீதி ஒன்று வருகிறது. திருவிளையாடற் புராணத்தில் இறைவனே மாணிக்கம் விற்க வந்து, மணிகளின் இலக்கணத்தை எடுத்துரைக்கிறார்.

ஆயினும் அதே சிலப்பதிகாரம் நமக்கு இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. மணிகளின் மறு அறிந்தவர்கள் தெரு நிறைய இருந்த அந்த மதுரையில், ஒரு சிலம்புக்குள் இருப்பது மாணிக்கமா முத்தா என்று எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. பொற்கொல்லன் சொன்னான், அரசன் நம்பினான், ஓர் உயிர் போயிற்று. சிலம்பு உடைந்த பிறகே உண்மை வெளிப்பட்டது. சொல்லை நம்பித் தீர்ப்பளிப்பதற்கும், பொருளைச் சோதித்துத் தீர்ப்பளிப்பதற்கும் உள்ள தூரத்தை இதைவிடக் கடுமையாக யாரும் நமக்கு உணர்த்த முடியாது.

இன்று ஒரு குடும்பத்தில் பெண்ணின் கலியாணத்துக்கென்றோ, சனி பகவானின் திருப்திக்கென்றோ நீலக்கல் வாங்கப் போகிறார்கள். கடைக்காரர் வெல்வெட்டுத் துணியில் ஒரு கல்லை வைத்து, “இது சுட்ட கல் அல்ல, இயற்கை நீலம்” என்கிறார். அந்த ஒரு வார்த்தைக்காக விலை பன்மடங்கு ஏறுகிறது. பல மாதங்களின் சேமிப்பு அந்த வார்த்தையை நம்பிக் கை மாறுகிறது. அந்த வார்த்தை மெய்யா? மெய்யாகவே இருந்தாலும் அந்தக் கல் அவ்வளவு பெறுமா? இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிறம்

நீலத்துக்கு நிறமே உயிர். வைரத்தில் பட்டைக்கும் தெளிவுக்கும் முதல் இடம்; நீலத்தில் நிறத்துக்கு முதல் இடம்.

நிறத்தை மூன்று கூறாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, எந்த நீலம் என்பது. சுத்த நீலமும், இலேசாக ஊதாச் சாயல் கொண்ட நீலமும் மேலானவை. பச்சைச் சாயல் புகப் புக மதிப்புக் குறையும். இரண்டாவது, செறிவு. சாம்பல் பூத்தாற்போல் இராமல் நிறம் துடிப்பாக இருக்கிறதா என்பது. மூன்றாவது, வெளுப்பும் கருமையும். நீலம் எவ்வளவு அடர்ந்ததோ அவ்வளவு உயர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மைக்கூட்டில் முக்கி எடுத்தாற்போல் இருண்டு கிடக்கும் கல்லுக்கு, பகலில் ஓரளவு நிறம் தெரிந்தாலும், மாலை விளக்கில் அது கறுப்புக் கல்லாகிவிடும். நடுத்தரமான அடர்த்தியும் மிகுந்த செறிவும் சேர்ந்ததே நல்ல நீலம்.

இலங்கையின் இரத்தினபுரிப் பக்கத்தில் ஆற்று மணலடியில் அகழ்ந்தெடுக்கும் நீலங்கள் பொதுவாக ஒளி மிகுந்தவை, சற்று இளநிறமானவை. காஷ்மீரத்து நீலத்துக்கு வேறொரு தனிச்சிறப்பு. கிஷ்த்வார் மாவட்டத்துப் பாடர் பகுதியில், சும்ஜாம் என்னும் சிற்றூருக்கு மேலே, சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், 1880-களின் தொடக்கத்தில் மண் சரிந்தபோது அந்தக் கற்கள் வெளிப்பட்டன. மலைவாசிகள் அவற்றின் அருமை அறியாமல் உப்புக்கு நிறைக்கு நிறை மாற்றினார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. 1882 முதல் 1887 வரை கிடைத்தவையே பெரும்பகுதி. பிறகு சுரங்கம் வறண்டுவிட்டது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துகள்கள் உள்ளே ஒளியைச் சிதறடிப்பதால் அந்தக் கற்களில் வெல்வெட்டுப் போன்ற ஒரு மென்மை உண்டாகிறது. 2015-இல் 27.68 காரட் எடையுள்ள காஷ்மீர நீலம் ஒன்று ஹாங்காங் ஏலத்தில் சுமார் 67 லட்சம் டாலருக்குப் போயிற்று. அதற்கு முந்திய ஆண்டு ஜினீவாவில், 392.52 காரட் எடையுள்ள இலங்கை நீலம் ஒன்று சுமார் 173 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. ஒரு காரட் என்பது ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. கணக்குப் போட்டுப் பார்க்கிறவர்கள், எடையில் எவ்வளவோ சிறிய காஷ்மீரக் கல் காரட்டுக்குக் காரட் எத்தனை மடங்கு விலை பெற்றது என்பதைத் தாமே காண்பார்கள்.

வீட்டார் செய்யக்கூடியது என்ன? கல்லை நகையில் பதிப்பதற்கு முன்பே பார்க்க வேண்டும். பின்புறம் மூடிக் கட்டிய நகையில் கல்லுக்கடியில் மெல்லிய வண்ணத் தகடு இருந்தால், தகட்டின் நிறமும் கல்லின் நிறமாகவே தெரியும். கடையின் பிரகாசமான விளக்குகளைவிட்டு, வெயில் நேரே படாத ஜன்னலோரம் கொண்டுவந்து வெள்ளைக் காகிதத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு மஞ்சள் ஒளி தரும் விளக்கிலும் ஒருமுறை பார்க்க வேண்டும். இரண்டிலும் முகம் மாறாத கல்லே நல்ல கல். கையோடு வேறு இரண்டு மூன்று கற்களையும் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். தனியாக வைத்த கல்லில் கண் ஏமாறும். வரிசையாக வைத்தால் ஏமாறாது.

பாலில் இட்டால் பால் முழுவதும் நீலமாகத் தோன்ற வேண்டும் என்று ஒரு பழைய சோதனை உண்டு. பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்போம். அடர்ந்த நிறமுடைய எந்தக் கல்லை இட்டாலும் அந்தத் தோற்றம் வரும். நீலக் கண்ணாடித் துண்டிலும் வரும். நிறம் செறிந்ததா என்று அது ஒருவாறு காட்டலாம். கல்லின் குலத்தையோ வரலாற்றையோ அது காட்டாது.

பட்டை

அடுத்தது பட்டை தீட்டிய முறை. இதைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. ஆனால் வாங்குகிறவர் பணத்தில் கணிசமான பகுதி போய் ஒளிந்துகொள்வது இங்கேதான்.

மேலே இருந்து புகும் ஒளி அடிப்பட்டைகளில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வர வேண்டும். குருந்தத்துக்கு அந்தத் திருப்பம் நேரும் எல்லைக் கோணம் சுமார் 35 பாகை. அடிப்பட்டைகள் அதைவிடச் சாய்ந்து தட்டையாக இருந்தால், ஒளி திரும்பாமல் கீழே கசிந்து போய்விடும். அப்போது கல்லின் நடுவே வெளிறிய ஓர் ஓட்டை தெரியும். வணிகர்கள் அதை ஜன்னல் என்கிறார்கள். ஓர் எளிய சோதனை: கல்லை முகம் மேலாக அச்சுக் காகிதத்தின்மேல் வைத்துப் பாருங்கள். நடுவில் எழுத்துக்களைத் தெளிவாகப் படிக்க முடிந்தால் அது ஜன்னல் விழுந்த கல்.

இதற்கு நேர்மாறான குற்றமும் உண்டு. கீழ்ப்பகுதி வயிறு தள்ளி, ஆழமாக, கனமாக இருக்கும் கல். அதன் ஒரு பகுதி எப்போதும் இருட்டாகவே தெரியும். எடை குறையாமல் காப்பாற்றுவதற்காகத் தீட்டுகிறவர் விட்டுவைத்த வயிறு அது. காரட் கணக்கில் விலை பேசும்போது அந்த வயிற்றுக்கும் சேர்த்துத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். மோதிரத்தில் அமர்ந்த பின் அது ஒருவர் கண்ணுக்கும் தெரியப் போவதில்லை.

இங்கே தீட்டுகிறவரின் சாமர்த்தியம் ஒன்றையும் சொல்ல வேண்டும். நீலக்கல்லில் நிறம் எங்கும் ஒரே சீராகப் பரவியிராது. பட்டை பட்டையாகவோ ஒரு மூலையில் திரண்டோ நிற்கும். இலங்கைக் கம்மியர்கள் நிறம் திரண்ட புள்ளி கல்லின் அடிநுனியில் வரும்படி பார்த்துத் தீட்டுவார்கள். மேலிருந்து நோக்கினால் கல் முழுவதும் நீலம் பொலியும். பக்கவாட்டில் திருப்பினால் பெரும்பகுதி நிறமற்றிருக்கும். இதை மோசடி என்று சொல்லக் கூடாது, நேர்த்தியான கைவேலை. ஆனால் வாங்குகிறவர் கல்லைப் பக்கவாட்டிலும் திருப்பிப் பார்த்து, தாம் எதை வாங்குகிறோம் என்று அறிந்து வாங்க வேண்டும். நீலத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: ஒரு திசையில் ஊதா கலந்த நீலமாகவும், வேறொரு திசையில் பச்சை கலந்த நீலமாகவும் அது தோன்றும். ஊதாச் சாயல் மேல்முகத்துக்கு வரும்படி கல்லை நிறுத்தித் தீட்டியவரே கைதேர்ந்தவர்.

தெளிவு

மூன்றாவது, உள்தெளிவு. களங்கம், ரேகை, காக பாதம் என்றெல்லாம் மணிக் குற்றங்களுக்கு நம் முன்னோர் பெயரிட்டிருக்கிறார்கள். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் அவற்றில் பலவற்றை நாமே காணலாம்.

இயற்கையான நீலத்துக்குள் ஏதேனும் இருப்பது சகஜம். மெல்லிய ஊசிகள் பட்டு நூல் போல் மூன்று திசைகளில் ஓடும். வணிகர்கள் இதையும் பட்டு என்றே சொல்கிறார்கள். கைரேகை போன்ற திரவத் துளிகளின் வலை இருக்கும். வேறு கனிகளின் சிறு படிகங்கள் சிறைப்பட்டிருக்கும். வெறுங்கண்ணுக்கு முகத்தில் தெரியாதவரை இவை பெருங்குற்றமல்ல. ஒளியை மறைக்கும் மேகமும், மேற்பரப்பை எட்டும் விரிசலும்தான் அஞ்ச வேண்டியவை. விரிசல் உள்ள கல் கட்டும்போதே உடையலாம். விரிசலுக்குள் நிறக் கண்ணாடியை உருக்கி ஊற்றி மறைத்திருக்கவும் கூடும்.

உள்ளே மாசு மருவே இல்லாத, விலை மலிவான, பெரிய நீலத்தைக் கண்டால் மகிழ்வதைவிடச் சந்தேகப்படுவதே நல்லது. பிரான்ஸ் தேசத்து வெர்நூயி என்பவர் 1902-இல் தீச்சுவாலையில் அலுமினிய ஆக்ஸைடுப் பொடியை உருக்கிச் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார்; சில ஆண்டுகளில் நீலமும் அவ்வாறே வந்தது. கடினம், எடை, பளபளப்பு எல்லாம் இயற்கைக் கல்லுக்குச் சமம். உள்ளே நிறக்கோடுகள் நேராக இல்லாமல் கிராமபோன் தட்டின் வரிகளைப்போல் வளைந்திருப்பதும், சிறு காற்றுக் குமிழிகளும் அதைக் காட்டிக் கொடுக்கும்.

நெருப்பின் கதை

நிறம், பட்டை, தெளிவு ஆகிய மூன்றையும் பயின்ற கண் ஓரளவு தீர்மானித்துவிடும். நான்காவது கேள்விக்குக் கண் போதாது. கல்லை நெருப்பில் இட்டார்களா என்பதே அக்கேள்வி.

கல்லைச் சுடுவது புதிய வழக்கமன்று. மாணிக்கங்களை நெருப்பிலிட்டு நிறம் திருத்துவதைப் பற்றி 11-ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்பிரூனி எழுதியிருக்கிறார். இலங்கையில் ஊதுகுழலால் கரிநெருப்பை ஊதி, கல்லின் வேண்டாத சாயலை நீக்கும் முறை நெடுங்காலமாக இருந்தது. ஆனால் அந்த நெருப்புக்கு ஓர் எல்லை இருந்தது. 1970-களில் அந்த எல்லை உடைந்தது.

இலங்கையில் ‘கெவுடா’ என்று ஒரு கல் உண்டு. பால் கலந்தாற்போல் மங்கிய, நிறமில்லாத குருந்தம். இரத்தினபுரிக்காரர்கள் அதை விலையற்றதென்று ஒதுக்கினார்கள். தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதை அற்ப விலைக்கு வாங்கிச் சென்றார்கள். எதற்கு வாங்குகிறார்கள் என்று கேட்டவர் குறைவு. தங்கம் 1,064 பாகை வெப்பத்தில் உருகிவிடும். அவர்கள் அந்தக் கல்லை 1,500 பாகைக்கும் மேலே, சில சமயம் 1,800 பாகை வரை, காற்றின் பிராணவாயுவைக் கட்டுப்படுத்திச் சுட்டார்கள். மங்கலுக்குக் காரணமாயிருந்த டைட்டேனிய ஊசிகள் கல்லுக்குள்ளேயே கரைந்தன. கரைந்த டைட்டேனியம் ஏற்கெனவே அங்கிருந்த இரும்போடு இணைந்தது. உலையிலிருந்து வெளியே வந்தது அழகிய நீலம்!

ஒரு தேசத்தார் கழிவென்று கொடுத்ததை மற்றொரு தேசத்தார் நீலமணியாக்கி உலகச் சந்தையில் விற்றார்கள். மண் இலங்கையுடையது, வியர்வை இலங்கையுடையது, லாபம் வேறிடத்துக்குப் போயிற்று. இலங்கையார் பிற்பாடு தாமே உலை வைத்துச் சுடக் கற்றுக்கொண்டார்கள். ஆயினும் அதற்குள் போனது போனதுதான். கச்சாப் பொருளை விற்றுவிட்டுச் செய்பொருளை விலைகொடுத்து வாங்கும் நிலையின் துயரத்தைப் பருத்தியிலும் துணியிலும் கண்ட நமக்கு, இந்தக் கதையின் சாரத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அறியாமைக்கு உலகம் வசூலிக்கும் வரி எப்போதும் கடுமையானது.

இன்று சந்தையில் உள்ள நீலங்களில் பெரும்பாலானவை இவ்வாறு சுட்டவையே. சுட்ட கல் போலியா? இல்லை. அது இயற்கைக் குருந்தமே. அந்த நிறம் அணிகிறவர் ஆயுட்காலத்தில் மங்காது. சுட்டதென்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் அதில் குற்றம் ஏதுமில்லை. சுடாததென்று சொல்லி விற்பதே குற்றம். வெப்பத்தோடு நில்லாமல், வெளியிலிருந்து நிறப்பொருளைக் கல்லுக்குள் ஏற்றும் முறைகளும் வந்துவிட்டன. டைட்டேனியத்தைக் கல்லின் மேற்பரப்பில் மெல்லிய தோல்போல் ஏற்றுவது ஒன்று. 2001-2002 அளவில் தெரியவந்த, பெரிலியம் என்னும் உலோகத்தை உள்ளே ஆழமாக ஏற்றும் முறை மற்றொன்று. கோபால்ட் கலந்த நீலக் கண்ணாடியை விரிசல்களில் நிரப்புவது மூன்றாவது. இது மிகவும் மட்டமானது. கம்மியரின் சூட்டிலும் எலுமிச்சைச் சாற்றிலுங்கூட அந்தக் கண்ணாடி கெட்டுவிடும். இவையெல்லாம் விலையில் சுட்ட கல்லுக்கும் கீழே நிற்பவை.

சான்று

அப்படியானால் நெருப்புத் தீண்டாத கல்லை எவ்வாறு அறிவது? நெருப்பு தன் சுவட்டை விட்டுச் செல்கிறது. சுடாத கல்லில் பட்டு ஊசிகள் கூர்மையாக, முழுமையாக இருக்கும். கடுஞ்சூடு பட்ட கல்லில் அவை அறுந்து புள்ளிப் புள்ளியாகிவிடும். உள்ளே சிறைப்பட்ட சிறு படிகம் சூட்டில் விரிந்து, தன்னைச் சுற்றித் தட்டு வடிவான விரிசலை உண்டாக்கும். பூதக்கண்ணாடியில் அது சனிக்கிரகத்தைச் சுற்றிய வளையம்போல் தெரியும். சில சுட்ட கற்கள் புற ஊதா ஒளியில் சுண்ணாம்பு பூத்தாற்போல் ஒளிரும். ஆய்வுக்கூடங்கள் இவற்றோடு அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, கல்லுக்குள் நீரியம் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் அளக்கின்றன. குறைந்த சூட்டில் சுட்ட கல் இவற்றில் பலவற்றிலிருந்தும் தப்பப் பார்க்கும். ஆகவே, லென்ஸை ஒருமுறை கண்ணில் வைத்துவிட்டு “சுடாத கல்” என்று அடித்துச் சொல்கிறவரின் தைரியத்தைப் பாராட்டலாம். அவர் சொல்லுக்குப் பணம் கொடுக்கலாகாது.

சுவிட்சர்லாந்திலும் அமெரிக்காவிலும் இதற்குப் புகழ்பெற்ற ஆய்வுக்கூடங்கள் உள்ளன. நம் நாட்டிலும் இருக்கின்றன. ஜெய்ப்பூரின் ரத்தினப் பரிசோதனைக்கூடம் 1970-கள் முதல் இயங்கி வருகிறது. சான்றிதழைக் கையில் வாங்கியவுடன் செய்ய வேண்டிய காரியங்கள் சில உண்டு. அதில் எழுதிய எடையும் நீள அகல உயரமும் கையிலிருக்கும் கல்லோடு ஒத்துப்போகின்றனவா என்று நிறுத்தும் அளந்தும் பார்க்க வேண்டும். நல்ல சான்றும் கெட்ட கல்லும் ஒரே உறையில் இருக்கக்கூடும். சான்றின் எண்ணைக் கொடுத்த நிலையத்திலேயே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். “இயற்கைக் கல்” என்ற சொல் மட்டும் இருந்தால் போதாது. சுட்ட கல்லும் இயற்கைக் கல்லே. வெப்பமூட்டியதற்கான அடையாளம் காணப்படவில்லை என்னும் கருத்துத் தனியே எழுதியிருக்க வேண்டும். நேர்மையான ஆய்வுக்கூடம் “ஒருபோதும் சுடப்படவில்லை” என்று எழுதுவதில்லை. அடையாளம் காணவில்லை என்றே எழுதும். அந்த அடக்கத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். அறிவு தன் எல்லையை அறிந்து பேசும் முறை அது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சுடாத கல் என்பது கல்லின் வரலாற்றைப் பற்றிய சான்று. அது அழகுக்குச் சான்றாகாது. வெளிறிப்போய், மேகம் படிந்து, ஜன்னல் விழுந்த கல் சுடாமல் இருந்தாலும் வெளிறிய கல்லே. அதைச் சுட்டாலும் பயனில்லை என்று விட்டுவிட்டதாகவும் இருக்கலாம். நிறமும் பட்டையும் தெளிவும் தனித்தனியே தேர்வில் வென்ற பிறகு, நெருப்பும் தீண்டவில்லை என்று தெரிந்தால், அப்போதுதான் அந்தக் கல்லுக்கு உயர்ந்த விலை நியாயமாகிறது. அருமை எங்கே இருக்கிறது? மனிதன் உலையில் செய்ததை, பூமி தன் வயிற்றில் யாருடைய உதவியுமின்றித் தானே செய்து முடித்திருக்கிறதே, அதில் இருக்கிறது.

வாஷிங்டன் நகரத்து ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையில் ‘லோகன்’ என்ற பெயருடைய நீலம் இருக்கிறது. எடை சுமார் 423 காரட்; இலங்கை மண்ணில் பிறந்தது; நெருப்புத் தீண்டாதது. நியூயார்க் காட்சிசாலையில் 563 காரட் எடையுள்ள நட்சத்திர நீலம் ஒன்று ‘இந்தியாவின் நட்சத்திரம்’ என்ற பெயரோடு இருக்கிறது. அதுவும் இலங்கையில் பிறந்ததே. பெயர் ஒன்று, பிறந்த இடம் ஒன்று, வாழும் இடம் ஒன்று!

நம் வீட்டுப் பெண்மணிகளுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. தங்கத்தை உரைத்துப் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. புடவையின் ஜரிகையைப் பிரித்துப் பார்க்கிறோம். கத்தரிக்காயைக்கூடத் திருப்பிப் பார்க்கிறோம். தங்கத்தைவிட விலையேறிய கல்லை மட்டும் கடைக்காரரின் வாக்கையும் சோதிடரின் அவசரத்தையும் நம்பி வாங்குவானேன்? சனிக்கிழமைக்குள் அணிய வேண்டும் என்று யாராவது நெருக்கினால், ஆய்வுக்கூடத்தின் முடிவு வரும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். மெதுவாக நடக்கிறவர் என்று பெயர் பெற்ற சனீசுவரர் இந்தத் தாமதத்துக்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

குருந்தம் என்ற பெயரை உலகுக்குக் கொடுத்தவர்கள் நாம். அதைத் தீட்டும் சக்கரத்தை ஆயிரம் ஆண்டுகளாகச் சுழற்றியவர்கள் நாம். அதைச் சோதிக்கும் கண்ணும் நமக்கு மறுபடி வர வேண்டும். கொங்கு நாட்டிலும் கரூர், காங்கேயம் பக்கங்களிலும் கல் தொழில் செய்யும் குடும்பங்களின் பிள்ளைகள் கைத்திறனோடு ரசாயனத்தையும் பௌதிகத்தையும் பயில வேண்டும். வாங்குகிறவர்கள் கேள்வி கேட்கக் கற்றால், விற்கிறவர்கள் உண்மை சொல்லக் கற்பார்கள். நேர்மையான வணிகருக்கு அதனால் நஷ்டமில்லை. அவர் கல்லுக்கு நெருப்புத் தீண்டாத விலை தாராளமாகக் கிடைக்கும்.